வாசலைப் பார்த்த மேசை

பிரவீனா வீட்டிலிருந்து பதில் வரவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேட்டால், “பொறவு பார்க்கலாமுங்க” என்றார்கள். எங்கள் கொங்குச் சீமையில் ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டால் அதற்குமேல் வாயைத் திறக்க வழியில்லை. அதில் கோபம் இருக்காது, குறை இருக்காது, பிடித்துச் சண்டை போட ஒரு நுனிகூட இருக்காது. கதவைச் சாத்தும்போதும் வந்தவர் விரல் நசுங்காமல் பார்த்துச் சாத்துகிற ஜனங்கள் நாங்கள்.

கிருபாசங்கருக்கு மண்டை காய்ந்தது. போன மாதம் வரை எல்லாம் நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது? பெண் வீட்டார் பல்லடத்திலிருந்து உடுமலைப்பேட்டைக்கு வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பதற்கு நாள்கூடக் குறித்தாயிற்று. அம்மா பலகாரத்துக்கு மாவு இடித்து வைத்திருந்தாள். அப்பா ஈஸ்வரமூர்த்தி தோட்டத்துக் கேட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, அது காய்வதற்குள் தானே சாய்ந்து நின்று சட்டையைக் கெடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில்தான் செங்கோட்டையன் மாமா போன் செய்து தொண்டையைச் செருமினார். அவர் அம்மாவின் தம்பி. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் அவரேதான்.

“மாப்ள, அவியளுக்கு அன்னைக்கு என்னமோ சோலியாமா. பொறவு பார்க்கலாம்னு சொல்லிப்போட்டாங்க.”

“என்ன சோலிங்க மாமா?”

“அதையெல்லாம் கேட்டா நல்லாவா இருக்கும்?”

நல்லா இருக்காது. அதனால் மாமா கேட்கவில்லை. விஷயம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. பிரவீனாவும் போனை எடுப்பதில்லை. அவன் அனுப்புகிற செய்திகளுக்கு “சரிங்க” என்றோ “நல்லதுங்க” என்றோ பதில் வரும். முன்பெல்லாம் அவள் அனுப்புகிற செய்தியில் ஒரு வசவாவது இருக்கும். இப்போது வெறும் மரியாதை. முப்பத்திரண்டு வயதில் எத்தனையோ ஜாதகம் பார்த்து, எங்கெங்கோ டீ குடித்து, முதல் தடவையாக ஒருத்தியை அவனுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. அவளை இழந்துவிடுவோமோ என்பதுதான் அவன் பயமெல்லாம்.

அவளை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். கோயில் மண்டபத்தில், இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சுற்றி உட்கார்ந்திருக்க, பெண் வந்து எதிரே அமர்ந்தாள். கிருபாசங்கர் ஜிலேபித் தட்டைப் பார்த்தான். தட்டு பழகிவிட்டதும் மண்டபத்துத் தூணைப் பார்த்தான். அன்றைக்கு அந்தத் தூணில் என்னென்ன சிற்பம் என்று கேட்டிருந்தால் ஒன்றுவிடாமல் ஒப்பித்திருப்பான்.

அதற்கப்புறம் பழக்கமெல்லாம் வீடியோ காலில். பெங்களூரில் அவன் வேலை பார்த்த மாடியை கம்பெனி காலி செய்துவிட்டு, எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பாருங்கள் என்று சொல்லிவிட்டது. அவனும் மூட்டையைக் கட்டிக்கொண்டு தோட்டத்து வீட்டுக்கே வந்துவிட்டான். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக் கூன் போட்டு உட்கார்ந்து முதல் நாள் பேசியபோதே அவள் பிடித்துக்கொண்டாள். பல்லடத்தில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். கழுத்துவலியும் இடுப்புவலியும்தான் அவள் பிழைப்பு.

“ஏனுங்க, கழுத்தை இப்படித் தொங்கப் போட்டுட்டு உக்காந்தா, சீக்கிரமே என்ற கிளினிக்குக்கு வந்து சேருவீங்க” என்றாள்.

“அப்படியாவது வரலாமுங்களா?” என்று அவன் கேட்டான். அவள் சிரித்துவிட்டாள். காரியம் அங்கேதான் ஆரம்பித்தது.

அவள் சொல்லச் சொல்ல மேசை உருவானது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வர வேண்டும் என்றாள். தாங்கி வாங்கி உயர்த்தினான். பாதம் தரையில் பதிய வேண்டும் என்றாள், நாற்காலியை இறக்கினான். முழங்கை சரியாக மடங்க வேண்டும் என்றாள். ஆசாரியைக் கூப்பிட்டு மேசைக் காலையே அறுத்தான். பெண்ணின் மனதைப் பிடிக்க ஆண்பிள்ளைகள் மலையேறுகிறார்கள், மீசை வளர்க்கிறார்கள். இவன் முழங்கையை மடக்கினான். நாற்காலியில் இடுப்புக்கும் சாய்மானத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி இருந்தது மட்டும் அவளுக்குத் திருப்தியாக இல்லை. “அதுக்கு ஒண்ணு பண்ணோணும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மேசையைப் போட்ட இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்டர்நெட் கம்பி வந்து நின்றது முன்னறையில்தான். உரமூட்டை கிடந்த அறை. அதைக் காலி செய்து வெள்ளையடித்தான். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் வாசல் தெரியும்; மீட்டிங் நடக்கும்போது அம்மா தவிட்டு வாளியோடு குறுக்கே போவாள், கன்றுக்குட்டி எட்டிப் பார்க்கும். அதனால் சுவருக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து மேசையைத் திருப்பிப் போட்டான். பின்னால் சுவரில் இருந்த முருகன் காலண்டரைக் கழற்றியதற்கு அம்மா ஒரு வாரம் முணுமுணுத்தாள். முகத்துக்கு வெளிச்சம் வேண்டுமே என்று திரைக்குப் பின்னால் வட்டமாக ஒரு விளக்கு, தோசைக்கல் அளவுக்கு. காதில் பட்டாணி மாதிரி இரண்டு கருவி. பெங்களூரிலிருந்து வந்த பிறகு வெட்டாத முடி அதையும் மூடிக்கொண்டது.

கம்பெனியில் ஒரு பயிற்சி வைத்தார்கள். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் வெளிநாட்டுக்காரர்களோடு எப்படிப் பேச வேண்டும் என்று. கேமராதான் எதிராளியின் கண், திரையைப் பார்க்காதீர்கள், கேமராவைப் பாருங்கள், புன்னகையோடு இருங்கள், கேட்டுக்கொண்டிருப்பதற்கு அடையாளமாகத் தலையை ஆட்டுங்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை கிருபாசங்கர். இரண்டே வாரத்தில் கம்பெனியிலேயே அவனைப்போல் முகம் பார்த்துப் பேசுகிறவர் யாருமில்லை என்று பெயர் வாங்கிவிட்டான்.

இவ்வளவு செய்தும் கல்யாணப் பேச்சு நின்றுபோனதுதான் அவனுக்குப் புரியவில்லை. உட்கார்ந்து யோசித்ததில் ஒரே ஒரு காரணம்தான் தட்டுப்பட்டது. பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவனை வேலை போனவன் என்றுதான் ஊர் நினைக்கும். அந்தப் பேச்சு பல்லடம் வரை போயிருக்கிறது. சந்தேகமே இல்லை. ஏனென்றால் ஊரே அவனிடம் மாறித்தான் போயிருந்தது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா சின்னாத்தாள் முன்பெல்லாம் அவரைக்காய் பறித்தால் முந்தியில் கட்டிக்கொண்டு நேரே சமையல்கட்டுவரை வருவாள். இப்போது பையை வேலிக்காலில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறாள். வழியில் பார்த்து, “ஏன் பெரியம்மா, ஊட்டுப்பக்கமே வர்றதில்ல?” என்று கேட்டான்.

“வரக்கூடாதுன்னு என்னங்க தம்பி. நீங்க பெரிய சோலியில இருக்கறீங்க” என்றாள். பிறந்ததிலிருந்து ‘வாடா போடா’ என்று கூப்பிட்டவள் ‘நீங்க’ என்றதும் அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நோம்பித் திருவிழா அழைப்பிதழைக் கோயில்காரர்கள் தோட்டத்துக் கேட்டின் கம்பியில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா அதை எடுத்துக்கொண்டு வந்து, “ஒரு வாய் தண்ணி குடிக்காமப் போயிட்டாங்களே, நாம என்ன பண்ணிப்போட்டோம்?” என்று புலம்பினாள். தேங்காய் வியாபாரி முஸ்தபா மட்டும் களத்தில் காய் எண்ணிக்கொண்டிருக்கும்போது ஈஸ்வரமூர்த்தியைத் தனியே அழைத்துப் போனார். “தப்பா எடுத்துக்காதீங்க. தம்பிக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே? எங்க மச்சானுக்கும் இப்படித்தான் ஆச்சு. கோயமுத்தூர்ல நல்ல டாக்டர் இருக்கறாரு” என்றார். அப்பா வீட்டுக்கு வந்து மகனை மேலும் கீழும் பார்த்தார். மகன் நன்றாகத்தான் இருந்தான். அப்பாவுக்கும் குழப்பம் பிடித்துக்கொண்டது.

கிருபாசங்கருக்கு எல்லாம் ஒரே கணக்கில்தான் விழுந்தது. வேலை போனதால் மனசு உடைந்து கிடக்கிறான் என்று பேசிக்கொள்கிறார்கள். அப்படியானால் பார்த்தவுடனே இது ஆபீஸ்தான் என்று தெரிய வேண்டும். முன்பிருந்ததைவிடப் பெரிய திரை வாங்கினான். விளக்கையும் மாற்றி, இன்னும் பளிச்சென்று எரிகிறதாகப் போட்டான். வாசலிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தான். ஊர் இன்னும் தள்ளிப் போனது.

ஒரு சனிக்கிழமை யூபிஎஸ் பேட்டரி வாங்கக் கடைவீதிக்குப் போய்விட்டு வந்தான். கனத்த பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வாசலேறினான். முன்னறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். திரைக்கு மேலே அவர் முகம் பளபளவென்று தெரிந்தது. அவனை நேருக்கு நேராகப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தலையை ஆட்டினார்.

கிருபாசங்கர் நின்றான். வெளியே போய்விட்டு வீடு திரும்பும்போதெல்லாம் “வா சாமி” என்று சொல்கிற அப்பா. இந்தத் தடவை சொல்லவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு சிரித்தார். பெட்டி கை நழுவுகிறது. எழுந்து பிடிக்கவாவது வேண்டாமா? அதுவும் இல்லை. “ஹாஹ்ஹா!” என்று ஒரு சிரிப்பு வேறு. கிருபாசங்கருக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் குபுகுபுவென்று ஏறியது. பெற்ற தகப்பன், சொந்த வீடு, ஒரு ‘வா’ கிடையாதா? அப்படி என்ன தப்புச் செய்துவிட்டேன் நான்?

“அப்பா!” என்று கத்தினான்.

அப்பா திரும்பி, காதிலிருந்த பட்டாணியைப் பிடுங்கினார். “ஆரு? கண்ணு, நீயா? வா சாமி, வா. ரேக்ளாப் பந்தயம் பாத்துட்டு இருந்தேன். நம்ம காங்கேயம் காளை ஜோடி சும்மா பறக்குது பாரு.” விளக்குக்குக் கையை மறைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கினார். “எங்கெ நிக்கற நீ? இந்த லைட்டுல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது.”

பேட்டரிப் பெட்டி கீழே இறங்கியது. அவனும் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

இங்கே வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் வீடு தேடி ஒறம்பரை வந்தால், அதாவது உறவோ விருந்தாளியோ யார் வந்தாலும், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து ‘வாங்க’ என்று சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னால் எல்லோரும் சொன்னதாக ஆகாது. சோறு போடாவிட்டால் மன்னித்துவிடுவார்கள். ‘வாங்க’ சொல்லாதவரை மன்னிக்க மாட்டார்கள். ஒரு ‘வாங்க’ விட்டுப்போனதற்காக அண்ணன் தம்பி பேச்சு முறிந்திருக்கிறது, சீர்வரிசை திரும்பியிருக்கிறது. அதிலும் கவனிக்காமல் விட்டால்கூடத் தேவலை. கண்ணுக்குக் கண் பார்த்து, சிரித்து, தலையையும் ஆட்டிவிட்டு, ‘வாங்க’ மட்டும் சொல்லாமல் விட்டவன் இந்த ஜில்லாவிலேயே கிருபாசங்கர் ஒருவன்தான்.

பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். கோயில்காரர்களைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறான். முஸ்தபா ஏன் டாக்டரைப் பற்றிச் சொன்னார் என்பதும் புரிந்தது. யோசித்துக்கொண்டே வந்தவனுக்குத் திடீரென்று பொறி தட்டியது. பிரவீனாவின் அப்பா! பல்லடத்தில் அவர் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். உடுமலைத் தோப்புகளுக்குக் கோழி எரு லோடு வரும். “அந்தப் பக்கம் வந்தா ஒரு எட்டுப் பார்க்கறேனுங்க” என்று கோயில் மண்டபத்தில் அவர் சொன்னது காதில் ஒலித்தது. வந்திருக்கிறார். வாசலில் நின்றிருக்கிறார். மாப்பிள்ளை பல்லைக் காட்டியிருக்கிறான்.

நிச்சயம் ஆகாத மாப்பிள்ளை தனியாகப் பெண் வீட்டுக்குப் போவது முறை கிடையாது. செங்கோட்டையன் மாமாவுக்குத் தெரிந்தால் தலையில் அடித்துக்கொள்வார். மறுநாள் காலை கிருபாசங்கர் வீட்டில் ஒன்றும் சொல்லாமல் பைக்கை எடுத்தான். வழி நெடுக, என்ன சொல்வது, எதிலிருந்து தொடங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். பாதி வழி தாண்டுவதற்குள் எல்லாம் மறந்துபோனது.

பண்ணை வாசலில் வண்டியை நிறுத்தியதும் பிரவீனாவின் அப்பா எழுந்து நின்றார். “வாங்க, வாங்க.” அவள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். “வாங்க தம்பி.” முட்டை அட்டை அடுக்கிக்கொண்டிருந்த வேலைக்காரர்கூட நிமிர்ந்து, “வாங்க சார்” என்றார். கடைசியாக உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், “வாங்க” என்றது. ஒரே ஒரு தடவை, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல். போனை எடுக்காதவள்தான். ஆனாலும் வீட்டுக்கு வந்தவனுக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டாள். அவனுக்குக் கூசிப்போயிற்று.

செம்பில் தண்ணீர் வந்தது. நாற்காலி போட்டார்கள். அவள் அப்பா தன் முதுகுக்குப் பின்னால் இருந்த நீலக் குஷனை எடுத்து அவனுக்குக் கொடுத்தார். “இதை வெச்சு உக்காருங்க. வண்டியில வந்திருக்கறீங்க, இடுப்புக்கு நல்லதுங்க. பாப்பா வாங்கிட்டு வந்தது.” மழை பற்றிக் கேட்டார், தேங்காய் விலை பற்றிக் கேட்டார். ஏன் வந்தாய் என்று மட்டும் கேட்கவில்லை. அது மரியாதை இல்லை.

அதற்குமேல் கிருபாசங்கரால் தாங்க முடியவில்லை. “ஏனுங்க, என்னை மன்னிச்சுப்போடுங்க. அன்னைக்கு நீங்க எங்க ஊட்டுக்கு வந்தப்ப நான் வாங்கன்னு சொல்லலீங்க. வேணும்னு இல்லீங்க. எதுக்க லைட்டு, காதுல மீட்டிங். சத்தியமா நான் உங்களைப் பார்க்கவே இல்லீங்க” என்று ஒரே மூச்சில் கொட்டினான். மேசை திரும்பியதையும் விளக்கையும் ரேக்ளாவையும் சொன்னான்.

அவர் திருதிருவென்று விழித்தார். “நான் எப்பங்க உங்க ஊட்டுக்கு வந்தேன்?”

“எரு லோடு வந்தப்பங்க.”

“உடுமலைக்கு நான் லோடு அடிச்சே ரொம்ப நாளாச்சுங்களே.”

அவர் மனைவி புருஷனைச் சந்தேகமாகப் பார்த்தாள். “என்கிட்டச் சொல்லாம நீங்க மட்டும் போய்ப் பாத்துட்டு வந்தீங்களா?”

“அட, இல்லெங்கறன்! நான் எதுக்குப் போறேன்?”

கிருபாசங்கருக்குத் தலை சுற்றியது. கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்து முப்பது மைலுக்குக் கிட்ட வண்டி ஓட்டி வந்தால், இல்லாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறோமா? “அப்பறம் எதுக்குங்க பொறவு பார்க்கலாம்னு சொன்னீங்க?”

பெரியவர் பிடரியைச் சொறிந்தார். “அது பாப்பாதானுங்க கொஞ்ச நாள் போகட்டும்னு சொல்லுச்சு. ஏன் அம்மணின்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்குது. நாங்களே ஒண்ணும் தெரியாமத்தானுங்க கிடக்கறோம்.”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நான்தான் போனேன்” என்றாள் பிரவீனா.

கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். யாரையும் பார்க்காமல் பேசினாள். “உடுமலையில எங்க கிளினிக்குக்கு முகாம் இருந்துச்சு. சீக்கிரமா முடிஞ்சுபோச்சு. சரி, இத்தனை நாளாச் சொல்லிச் சொல்லிச் செஞ்ச மேசையை நேர்ல ஒருக்காப் பார்க்கலாம்னு ஆட்டோ புடிச்சுப் போனேன். அந்த நாற்காலிக்கு வெக்க அந்தக் குஷனையும் வாங்கிட்டுப் போனேன்.”

அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “தனியாவா போனெ?”

“தனியாத்தான் போனேன்.” இப்போது அவள் அவனைப் பார்த்தாள். “வாசல்ல வந்து நின்னேங்க. நீங்க நேரா என்னைப் பாத்தீங்க. சிரிச்சீங்க. எனக்கு அத்தனை சந்தோசமா இருந்துச்சு. ஒரு வாங்க வரும்னு நின்னேன். நீங்க தலையை ஆட்டினீங்க. மறுக்காச் சிரிச்சீங்க. அப்பறம் குனிஞ்சு என்னமோ டைப் அடிக்க ஆரம்பிச்சுட்டீங்க. சொல்லாமக் கொள்ளாம ஒரு பொண்ணு தனியா வந்து நின்னா இவங்க குடுக்கற மதிப்பு இவ்வளவுதானாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். அழுதுட்டே வந்தேங்க. ஊட்டுல எதைச் சொல்றது? போனதையே சொல்ல முடியாதே.”

கிருபாசங்கருக்குத் தன் முதுகில் இருந்த குஷன் சுட்டது. எழுந்துவிட்டான். “நான் உங்களைப் பார்க்கலீங்க. பாத்திருந்தா எந்திரிச்சு ஓடி வந்திருப்பேனுங்க” என்றான்.

“அப்ப யாரைப் பாத்துங்க அப்படிச் சிரிச்சீங்க?”

“கேமராவைங்க.”

“அதுக்கு அந்தப் பக்கம் யார் இருந்தா?”

“கம்பெனி ஆளுகங்க. ஆனா அவங்க யாரும் முகத்தைக் காட்ட மாட்டாங்க. எல்லாரும் கேமராவை அணைச்சுத்தான் வெச்சிருப்பாங்க. பேரு மட்டும் கட்டம் கட்டமாத் தெரியும்.”

பெரியவர் நடுவில் புகுந்தார். “அப்ப ஆருமே இல்லாத எடத்தைப் பாத்துங்களா நாளெல்லாம் சிரிக்கறீங்க?”

“ஆமாங்க.”

“அடப் பாவமே” என்றார் அவர். மனதாரச் சொன்னார்.

பிரவீனா சிரிக்கவில்லை. ஏதோ யோசித்தாள். முகம் மெல்ல மாறியது. “என்கூடப் பேசறப்ப?” என்றாள்.

ஒரு பொய் சொன்னால் போதும். உங்களைத்தான் பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் இன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றலாம். கிருபாசங்கருக்கும் அது தெரிந்தது. ஆனால் அழுதுகொண்டே உடுமலையிலிருந்து பல்லடம் வரை வந்தவளிடம் அவனுக்குப் பொய் வரவில்லை.

“அப்பவும் கேமராவைத்தானுங்க பாத்தேன்” என்றான். “கேமராவைப் பாத்தாத்தான், நான் உங்களைப் பார்க்கற மாதிரி உங்களுக்குத் தெரியும்.”

“எனக்குத் தெரியோணுமுங்கறதுக்காக நீங்க என்னைப் பார்க்காமயே இருந்தீங்களா?”

அந்தக் கேள்வியை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் பதில் ஒன்றுதான் இருந்தது. “ஆமாங்க” என்றான்.

அவள் உள்ளே போய்விட்டாள்.

பண்ணையில் கோழிகள் கொக்கரித்தன. அவள் அம்மா தரையைப் பார்த்தாள். அவள் அப்பா, “காப்பி குடிக்கலாமுங்க” என்றார். எல்லாவற்றையும் நாமே கெடுத்துக்கொண்டோம் என்று கிருபாசங்கருக்குத் தோன்றியது. எது தப்பு, எந்த இடத்தில் தப்பு என்றுதான் பிடிபடவில்லை. அவளுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்றுதானே எல்லாம் செய்தான்? குஷனை எடுத்து நாற்காலியில் பத்திரமாக வைத்தான். “வாரேனுங்க” என்று கையைக் குவித்தான்.

“எங்க போறீங்க?”

பிரவீனா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவன் நாற்காலிக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் அதைப் போட்டாள். அப்பா அம்மா இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, அதில் உட்கார்ந்தாள். “உக்காருங்க” என்றாள்.

உட்கார்ந்தான். எங்கே பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கண் தானாகத் தரைக்குப் போனது, அங்கிருந்து முட்டை அட்டைக்குப் போனது. அவள் காத்திருந்தாள். கடைசியில் நிமிர்ந்து பார்த்தான். மாநிறம். மூக்கின்மேல் பொடியாக வியர்வை. அழுதாளோ என்னவோ, கண் ஓரம் சிவந்திருந்தது. இடது புருவத்தை நடுவில் வெட்டிக்கொண்டு ஒரு பழைய தழும்பு ஓடியது. எத்தனையோ மாலைகள் அவளோடு மணிக்கணக்காகப் பேசியிருக்கிறான். இதை அவன் கண்டதே இல்லை.

“என்னங்க அப்படிப் பார்க்கறீங்க?” என்றாள்.

“இந்தத் தழும்பு...” தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினான். “இது எப்படிங்க ஆச்சு?”

பிரவீனாவின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

“இதைக் கேக்கறதுக்கு இத்தனை நாளாச்சுங்களா?” என்றாள்.